மரப்பெட்டியும் மட்டக் கம்பியும்: புரூக்ளின் பாலம் பிறந்த கதை

நியூயார்க் போய் வந்தவர்களின் கைபேசியில் புரூக்ளின் பாலம் இல்லாமல் இருக்காது. கூர்முனை வளைவுகளோடு எழுந்து நிற்கும் இரண்டு கல் கோபுரங்கள், அவற்றிலிருந்து இறங்கும் வடங்கள், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள், பின்னணியில் மன்ஹாட்டன் கட்டடங்கள். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் படம் நன்றாகவே வரும்.

அந்தப் படங்களில் விழாத சங்கதிகள் இரண்டு உண்டு. கோபுரம் ஒவ்வொன்றின் அடியிலும், ஆற்றுப் படுகைக்குள், பிரம்மாண்டமான மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. மேலே தொங்கும் நான்கு வடங்களுக்குள், சோதனையில் தோற்றுக் கழிக்கப்பட்ட மட்டக் கம்பி ஏராளமாகக் கலந்திருக்கிறது. பெட்டியை வேண்டுமென்றே வைத்தார்கள். கம்பியைத் திருட்டுத்தனமாக நுழைத்தார்கள். 1883இல் திறக்கப்பட்ட பாலம் இரண்டையும் சுமந்துகொண்டு இன்றைக்கும் நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதில்தான் அது பிறந்த கதையின் சாரமே இருக்கிறது.

அன்றைக்கு புரூக்ளின் நியூயார்க்கின் ஒரு பகுதி அல்ல. தனி நகரம், தனி மேயர், தனி வரவுசெலவு. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் மூன்றாவது என்ற பெருமையும் அதற்கு இருந்தது. ஆனால் அங்கே வசித்தவர்களில் பெரும் பகுதியினருக்குப் பிழைப்பு அக்கரையில். நடுவே ஈஸ்ட் ரிவர். பெயரில்தான் ஆறு, உண்மையில் அது கடல் புகுந்து வெளியேறும் நீரிணை. இழுப்பு பலமாக இருக்கும், கப்பல் போக்குவரத்து ஓயவே ஓயாது. படகுத்துறையை நம்பித்தான் நகரம் நடந்தது. 1866-67 குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்தது. பனிப்பாளங்களுக்கு நடுவே படகுகள் சிக்கிக்கொண்டன. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப முடியவில்லை, வீட்டில் இருந்தவர்கள் வேலைக்குப் போக முடியவில்லை. அடுத்த ஏப்ரலிலேயே பாலம் கட்ட ஒரு கம்பெனிக்கு மாநில சட்டசபை அனுமதி கொடுத்துவிட்டது. பல ஆண்டுகளாகப் பேச்சாக மட்டும் இருந்ததை ஒரே பனிக்காலம் கோப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வேலை ஜான் ரோப்ளிங்கிடம் வந்தது. ஜெர்மனியின் மூல்ஹௌசன் ஊரில் 1806இல் பிறந்தவர், 1831இல் அமெரிக்கா வந்தவர். பென்சில்வேனியாவில் மலைச்சரிவில் படகுகளை ரயில்மேல் ஏற்றி இழுப்பதற்குச் சணல் கயிறு பயன்படுத்தினார்கள். அது அடிக்கடி அறுந்தது. அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியை முறுக்கிக் கயிறாக்கலாம் என்று 1841இல் செய்து காட்டினார் ரோப்ளிங். அதுவே தொழிலானது, ட்ரென்டன் நகரில் ஆலையானது. கம்பிக் கயிறு செய்கிறவர் அடுத்ததாக அதைக் கொண்டு பாலம் தொங்கவிடுவதில் வியப்பு என்ன இருக்கிறது? 1855இல் நயாகரா பள்ளத்தாக்கின் குறுக்கே ரயிலே ஓடும் தொங்குபாலத்தைக் கட்டினார். தொங்குபாலத்தில் ரயில் ஓட்ட முடியாது என்று அடித்துச் சொன்ன நிபுணர்கள் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் தொங்குபாலத்துக்கு நல்ல பெயர் கிடையாது. ஒஹையோ ஆற்றின்மேல் வீலிங் ஊரில் இருந்த பெரிய தொங்குபாலம் 1854இல் காற்றில் முறுக்கி விழுந்தது. ரோப்ளிங் அதையெல்லாம் கூர்ந்து படித்தவர். தளத்தை விறைப்பாக வைக்கக் கனமான சட்டங்கள், வடங்கள் போதாதென்று கோபுர உச்சியிலிருந்து விசிறிபோல் விரிந்து தளத்தைப் பிடிக்கும் சாய்வுக் கம்பிகள் என்று ஒன்றுக்கு இரண்டாகப் பாதுகாப்பு வைத்தார். வடங்களே இல்லாமல் போனாலும் பாலம் நடுவில் தொய்யுமே தவிர விழாது என்பது அவர் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தேவைப்படுவதைப்போல் ஆறு மடங்கு பலம் வேண்டும் என்றார். அன்றைய கணிதத்தால் காற்றையும் அதிர்வையும் துல்லியமாக எடைபோட முடியாது. தெரியாததற்கு இடம் விட்டுக் கட்டு என்பதே அந்த ஆறு மடங்கின் பொருள். அந்த இடத்துக்குள் பிற்பாடு எது வந்து உட்கார்ந்தது என்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தொழில்நுட்பம் ஒரு பக்கம் இருக்க, காசு யார் கொடுப்பது? புரூக்ளின் காண்ட்ராக்டர் வில்லியம் கிங்ஸ்லியும் அரசியல்வாதி ஹென்றி மர்ஃபியும் முன்னால் நின்றார்கள். அக்கரையில் நியூயார்க் நகரசபையை 'பாஸ்' ட்வீட் என்ற அரசியல் முதலாளி தன் பையில் வைத்திருந்தார். கை நனைக்காமல் அங்கே காரியம் நடக்காது. பாலத்துக்குப் பணம் ஒதுக்க உறுப்பினர்களுக்கு எவ்வளவு போனது, அது எப்படிப் பையில் வந்தது என்று ட்வீட்டே பிற்பாடு சிறையிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார். அவருக்கும் கம்பெனிப் பங்குகள் மலிவு விலையில் கிடைத்திருந்தன. 1871இல் அவர் கோட்டை சரிந்தது. 1875இல் தனியார் பங்குதாரர்களை விலக்கிவிட்டு இரண்டு நகரங்களும் பாலத்தை நேரடியாக எடுத்துக்கொண்டன. செலவில் மூன்றில் இரண்டு பங்கு புரூக்ளினுக்கு, ஒரு பங்கு நியூயார்க்குக்கு.

1869 ஜூன் 28. புரூக்ளின் பக்கத்துக் கோபுரம் எங்கே வரவேண்டும் என்று அளவெடுப்பதற்காக ரோப்ளிங் ஃபுல்டன் படகுத்துறையின் ஓரத்து மரக்கட்டைகள்மேல் நின்றுகொண்டிருந்தார். துறையை நோக்கி வந்த படகு மோதியதில் கட்டைகள் நெருங்கின. அவர் கால் விரல்கள் இடையில் மாட்டி நசுங்கின. யாரைப் பாலம் கட்டி ஒழிக்கப் பார்த்தாரோ அந்தப் படகுச் சர்வீஸே முந்திக்கொண்டது. விரல்களை வெட்டி எடுத்தார்கள். ரோப்ளிங் வைத்தியர்களை நம்பாதவர், தண்ணீர் வைத்தியத்தில் அபார நம்பிக்கை கொண்டவர். காயத்தின்மேல் தண்ணீரை ஓயாமல் விழவைத்துக்கொண்டு, வைத்தியர் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தார். ரணஜன்னி கண்டது. ஜூலை 22 அன்று இறந்தார். கட்டுமானத்தில் ஒரு கல்கூட விழவில்லை அப்போது.

பொறுப்பு மகன் வாஷிங்டன் ரோப்ளிங் தலையில் விழுந்தது. வயது 32. உள்நாட்டுப் போரில் கர்னல், கெட்டிஸ்பர்க் போரில் இருந்தவர். தகப்பனார் அவரை மனைவி எமிலியோடு ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தார். தேனிலவுப் பயணம் என்று பெயர், உண்மையில் ஆற்றுக்கடியில் அடித்தளம் போடும் புதிய முறையைப் பார்த்து வருவது வேலை. அந்த முறைக்குத்தான் மரப்பெட்டி.

கேய்சன் என்று இன்ஜினியர்கள் சொல்லும் அந்தப் பெட்டிக்கு அடிப்பாகம் கிடையாது. தம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று தங்கி நிற்குமல்லவா, அதேதான். பெட்டியை ஆற்றில் கவிழ்த்து இறக்கி, தண்ணீர் உள்ளே வராதபடி மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்கள் உள்ளே இறங்கி ஆற்றுப்படுகையைத் தோண்டுவார்கள். பெட்டியின் கூரைமேல் கோபுரத்துக்கான கல்லை அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே தோண்டத் தோண்ட, மேலே பாரம் ஏற ஏற, பெட்டி மண்ணுக்குள் இறங்கும். கெட்டியான தரை தட்டியதும் உள்ளே கான்கிரீட் நிரப்பி மூடிவிட வேண்டியதுதான்.

புரூக்ளின் பக்கத்துப் பெட்டி 168 அடி நீளம், 102 அடி அகலம். தென்மாநிலத்துப் பைன் மரம். கூரை மட்டும் 15 அடி கனம். கப்பல் கட்டும் துறையில் செய்து 1870 மார்ச்சில் கப்பலைப் போலவே தண்ணீரில் இறக்கினார்கள். உள்ளே நிற்கும் உயரம் ஒன்பதரை அடி. மேலிருந்து இரும்புக் குழாய் வழியாக ஏணியில் இறங்கி, காற்றுப்பூட்டு அறைக்குள் அடைந்து, காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருந்து, அப்புறம் அடிக்கதவைத் திறந்து பெட்டிக்குள் குதிக்க வேண்டும். காது அடைக்கும், தலை கனக்கும். உள்ளே குரல் மெலிந்து கீச்சென்று கேட்கும். சீட்டி அடிக்க முயன்றால் வராது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் அது தானே மறுபடி பற்றிக்கொள்ளும். வெப்பமும் ஈரமும் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு, முழங்கால் சேற்றில் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலியிலிருந்து வந்தவர்கள். கூலி நாளுக்கு இரண்டு டாலர். வாரத்துக்கு ஒரு கூட்டம் வேலையை விட்டு ஓடும். அதே அளவு புதுக் கூட்டம் வந்து வரிசையில் நிற்கும்.

புரூக்ளின் பக்கம் மண்ணல்ல, பாறைகள். பெட்டியின் விளிம்புக்கடியில் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் மாட்டிக்கொண்டன. சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு உடைத்ததில் வாரத்துக்கு ஆறங்குலம்தான் பெட்டி இறங்கியது. வெடி வைக்கலாம். ஆனால் அடைபட்ட, அழுத்தமான காற்றில் வெடித்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவர்களின் செவிப்பறை கிழியுமா, காற்று பிய்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் பாயுமா? யாரிடமும் பதில் இல்லை. வாஷிங்டன் முதலில் தன் கைத்துப்பாக்கியை எடுத்துப் பெட்டிக்குள் சுட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கொஞ்சம் மருந்து வைத்து ஒரு சின்ன வெடி. பிறகு இன்னும் கொஞ்சம். சில நாளில் பாறை உடைப்பது தினசரி வேலையாகி, பெட்டி இறங்கும் வேகமும் கூடியது. ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் ஆராய்ச்சி இப்படித்தான் நடந்தது.

1870 டிசம்பரில் தீ. யாரோ ஒருவர் மெழுகுவத்தியைக் கூரையின் இடுக்குச் சணலுக்குக் கிட்டத்தில் பிடித்துவிட்டார். அழுத்தக் காற்றில் நெருப்பு வெளியே கொழுந்து விடவில்லை, மரத்துக்குள்ளேயே மேல்நோக்கித் துளைத்துக்கொண்டு போனது. அணைந்துவிட்டதென்று நினைத்து ஓட்டை போட்டுப் பார்த்தால் உள்ளே கங்கு. அந்தக் கூரையின்மேல்தான் பல்லாயிரம் டன் கல் உட்கார்ந்திருக்கிறது. இரவு முழுக்க வாஷிங்டன் உள்ளேயே நின்றார். விடியும் நேரம் கைகால் செயலிழந்து அவரைத் தூக்கி வந்தார்கள். சில மணி நேரத்தில் தீ இன்னும் எரிகிறது என்று செய்தி வந்ததும் திரும்பவும் போய், கடைசியில் பெட்டி முழுவதையும் தண்ணீரால் நிரப்பச் சொன்னார். பிறகு தச்சர்கள் கருகிய மரத்தைச் சுரண்டி எடுத்து, புது மரமும் சிமென்டும் வைத்து அடைத்தார்கள். அந்த ஒட்டுப்போட்ட கூரைதான் இன்றும் புரூக்ளின் கோபுரத்தைத் தாங்குகிறது. 44 அடி ஆழத்தில் அதை நிறுத்தி, 1871 மார்ச்சில் கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

அக்கரைப் பெட்டிக்குள் இந்த முறை இரும்புத் தகடு அடித்தாகிவிட்டது, தீக்குப் பயம் இல்லை. ஆனால் அங்கே இன்னும் ஆழம் போக வேண்டியிருந்தது. ஆழம் ஏற ஏறக் காற்றழுத்தமும் ஏறியது. முடிவில் அது வெளிக்காற்றைப்போல் மூன்று மடங்குக்கு மேல். வேலை முடிந்து மேலே வந்த ஆட்களுக்கு மூட்டுகளில் தாங்க முடியாத வலி, வாந்தி, சிலருக்குக் கால் வராமல் போனது. கம்பெனி வைத்த டாக்டர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேரின் நோயைப் பதிவு செய்தார். காரணம் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், ஆள் அவசரமாக மேலே வரும்போது குமிழிகளாகப் பொங்குகிறது. இதைப் பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நிறுவி எழுதியது 1878இல். பாலத்து ஆட்களுக்கு அது ஆறு வருடம் தாமதம். மீண்டும் அழுத்தத்துக்குள் போனால் வலி குறைகிறது என்பதை ஆட்களே கவனித்திருந்தார்கள். ஆனால் மெதுவாக வெளியேற வேண்டும் என்றால் எவ்வளவு மெதுவாக என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இதே காலத்தில் செயின்ட் லூயிஸில் மிசிசிப்பியின்மேல் பாலம் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ், பாறை வரை போயே தீருவேன் என்று இதைவிட ஆழம் போனார். அங்கே இந்த நோய் பத்துப் பேருக்கு மேல் பலி வாங்கியது.

1872 மே மாதம். கூலியை மூன்று டாலராக உயர்த்தச் சொல்லி வேலைநிறுத்தம். அடுத்தடுத்துச் சாவுகள். அடிப்பாறை இன்னும் கீழே, அதுவும் ஒரே மட்டத்தில் இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருந்தது. அதுவரை போவதென்றால் இன்னும் எத்தனை பேர் என்று வாஷிங்டன் கணக்குப் பார்த்தார். தோண்டி எடுத்த மணலையும் பார்த்தார். யுகக்கணக்காக அசையாமல் இறுகிக் கிடந்த மணல் அது, கல்லுக்குச் சமமாகக் கெட்டிப்பட்டிருந்தது. 78 அடியில் நிறுத்தினார். ஆக, மன்ஹாட்டன் கோபுரம் பாறையின்மேல் அல்ல, மணலின்மேல் நிற்கிறது. இந்தப் பாலத்தின் வரலாற்றில் எனக்குப் பிடித்த முடிவு இதுதான். இவ்வளவு பெரிய கோபுரத்தை மணலில் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். ஆட்களின் உயிரை ஒரு பக்கம் வைத்து, பாறை என்ற சொல்லின் கவர்ச்சியை இன்னொரு பக்கம் வைத்து நிறுத்துப் பார்க்க அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும்.

அதற்குள் நோய் அவரையும் பிடித்துவிட்டது. பெட்டிக்குள் எந்த ஆளைவிடவும் அதிக நேரம் கழித்தவர் அவர். 1872 கோடையில் விழுந்தார், அந்தக் குளிர்காலத்தில் பிழைக்க மாட்டார் என்று வீட்டாரே முடிவு கட்டினார்கள். அவர் படுக்கையில் கிடந்தபடியே மீதமுள்ள பாலத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அதன்பின் பாலம் முடியும்வரை தலைமை இன்ஜினியர் வேலைத்தலத்தில் கால் வைக்கவில்லை. கொலம்பியா ஹைட்ஸ் மேட்டில் இருந்த வீட்டின் ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். கண் மங்கியது, எழுத முடியவில்லை, இரண்டு பேருக்கு மேல் பேசினால் தலை தாங்கவில்லை.

அந்த இடத்தில் எமிலி வருகிறார். கணவர் சொல்வதை எழுதி, தினமும் தலத்துக்கு நடந்து போய் மார்ட்டின், காலிங்வுட் முதலிய உதவி இன்ஜினியர்களிடம் சேர்ப்பதில் தொடங்கியது. சொல்வதைப் புரியாமல் எழுத முடியாதே. கணிதம், வட வளைவின் கணக்கு, பொருள்களின் பலம் எல்லாவற்றையும் படித்தார். சாமான் விற்க வந்த கம்பெனிக்காரர்களின் கேள்விக்கு அவரே பதில் சொன்னார். பாலத்தை நிர்வகித்த அறங்காவலர்களைச் சமாளித்தார், பத்திரிகைக்காரர்களைத் தள்ளி வைத்தார். உண்மையான தலைமை இன்ஜினியர் அந்த அம்மாதான் என்று ஊரில் பேச்சு. அது மிகை, வரைவும் முடிவும் வாஷிங்டனுடையவை. ஆனால் எமிலி இல்லாவிட்டால் அவரை அந்தப் பதவியில் ஒரு வருடம்கூட வைத்திருக்க மாட்டார்கள் என்பதில் மிகை இல்லை.

கோபுரங்கள் எழுந்தன. 1876 ஆகஸ்டில் முதல் கயிறு அக்கரை சேர்ந்ததும், தலைமை மெக்கானிக் ஃபாரிங்டன் ஒரு பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தார். இரு கரையிலும் கூட்டம், கப்பல்கள் ஊதின. பெரியவர் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே போனார். ஆட்கள் கயிற்றின்மேல் வேலை செய்யத் தயங்கக் கூடாது என்று செய்து காட்டியதாம்.

இனிக் கம்பி. அதுவரை தொங்குபாலங்களுக்கு இரும்புக் கம்பிதான். இவ்வளவு பெரிய பாலத்துக்கு எஃகுக் கம்பி இதுவே முதல்முறை. கடல் உப்புக் காற்றுக்காகத் துத்தநாகம் பூசியது. நாட்டிலேயே நல்ல கம்பி செய்யும் ஆலை ரோப்ளிங் குடும்பத்தினுடையது. அங்கேதான் சிக்கல். அறங்காவலர்களில் ஒருவரான ஏப்ரம் ஹெவிட் என்ற இரும்பு வியாபாரி எழுந்து, பாலத்து இன்ஜினியருக்கோ அறங்காவலருக்கோ பங்குள்ள எந்த நிறுவனமும் டெண்டர் போடக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. வாஷிங்டன் தம் பங்குகளை விற்றே விட்டார். ஆனாலும் ஒப்பந்தம் போனது புரூக்ளின் உள்ளூர்க்காரர் லாயிட் ஹெய்க்கிடம். ஹெய்க்கின் ஆலை ஹெவிட்டிடம்தான் அடமானத்தில் இருந்தது, ஒப்பந்தப் பணத்தில் ஒரு பங்கு அங்கே போனது என்று வாஷிங்டன் பிற்பாடு எழுதிவைத்தார்.

ஹெய்க் செய்த மோசடி எளிமையானது, அதனால்தான் பலித்தது. ஆலையில் பாலத்து இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சுருளாகச் சோதிப்பார். தேறியதற்குச் சான்று எழுதிக் கொடுப்பார். வண்டியில் ஏற்றிப் பாலத்துக்கு அனுப்புவார்கள். வழியில் ஒரு கிடங்கு. அங்கே நல்ல சுருள்களை இறக்கிவிட்டு, கழித்த சுருள்களை ஏற்றி அதே சான்றோடு பாலத்துக்கு விடுவார்கள். இறக்கிய நல்ல கம்பி ராத்திரியில் ஆலைக்கே திரும்பி, மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் மறுபடியும் சோதனைக்கு நிற்கும். ஒரே நல்ல கம்பி திரும்பத் திரும்பத் தேறியது. அதன் பெயரில் மட்டக் கம்பி பாலத்துக்கு ஏறியது. எல்லார் கண்ணிலும் மண்.

1878 ஜூலையில் சந்தேகம் வந்து, ஆலையில் தேறிய சுருள்களில் இரகசிய அடையாளம் போட்டு, வண்டியைப் பின்தொடர்ந்து பிடித்தார்கள். அதற்குள் வடங்களைப் பின்னும் வேலை ஒரு வருடமாக நடந்திருந்தது. பின்னிய கம்பியை உருவி எடுக்க வழியில்லை. படுக்கையில் இருந்தவர் கணக்குப் போட்டார். தகப்பனார் ஆறு மடங்கு பலம் வைத்திருந்தார். மட்டக் கம்பி போனது போக, குறைந்தது ஐந்து மடங்கு மிஞ்சுகிறது. ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பி கூடுதலாகச் சேர்த்தால் போதும், செலவு ஹெய்க் தலையில். ஆக ஒவ்வொரு வடத்திலும் 5,434 கம்பிகள். தெரியாததற்காக ஜான் ரோப்ளிங் விட்டுவைத்த இடத்தில் வந்து உட்கார்ந்தது புயலும் அல்ல, நிலநடுக்கமும் அல்ல, ஒரு காண்ட்ராக்டர்.

பாலத்து மோசடிக்காக ஹெய்க் மீது வழக்கு இல்லை. ஓரிரு ஆண்டில் போலிக் காசோலை விவகாரம் ஒன்றில் மாட்டி சிங்சிங் சிறைக்குப் போனார்.

இதற்கிடையில் 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் சரிந்து, மேலே போன ரயிலோடு ஆற்றில் விழுந்தது. நியூயார்க் பத்திரிகைகளுக்குத் தீனி. கணக்கும் ஏறிக்கொண்டே போனது. முதலில் போட்ட மதிப்பீட்டைத் தாண்டி ஒன்றரைக் கோடி டாலரில் போய் நின்றது. ஆளே கண்ணில் படாத ஒரு தலைமை இன்ஜினியரை எத்தனை வருடம் வைத்துக்கொள்வது என்று புரூக்ளினின் இளம் மேயர் சேத் லோ கேட்டார். 1882இல் அறங்காவலர்கள் ஓட்டெடுத்தார்கள். பத்துக்கு ஏழு என்று வாஷிங்டன் தப்பினார்.

1883இல் திறப்புக்குச் சில வாரம் முன்பு, பாலத்தை முதலில் வண்டியில் கடந்தவர் எமிலி. கையில் வெற்றியின் அடையாளமாக ஒரு சேவல். வேலையாட்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார்கள். திறப்பு விழா மே 24. அன்று இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் பிறந்தநாள் என்பது ஐரிஷ்காரர்களுக்கு உறுத்தியது. பாலத்தைக் கட்டியவர்களில் பலர் அவர்கள்தானே. தேதி மாறவில்லை. ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் நடந்தே கடந்தார், பிறகு கொலம்பியா ஹைட்ஸ் வீட்டுக்குப் போய் வாஷிங்டனின் கையைக் குலுக்கினார். விழாவில் எமிலியைப் புகழ்ந்து நீளப் பேசியவர் யார் தெரியுமா? ஏப்ரம் ஹெவிட். கட்டுமானத்தில் செத்தவர்கள் இருபதுக்கு மேல்.

கோபுரத்துக்குக் கோபுரம் 1,595 அடி, அன்றைக்கு உலகின் நீளமான தொங்குபாலம். முதல் நாளே லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடந்தார்கள், நடப்பவருக்கு ஒரு சென்ட். ஆனால் உள்ளூர அச்சம் விட்டபாடில்லை. ஆறே நாளில், மே 30 விடுமுறைக் கூட்டத்தில், படிக்கட்டில் ஒரு பெண் தடுக்கி விழ, யாரோ அலற, பாலம் விழுகிறது என்று நெரிசல். 12 பேர் இறந்தார்கள். பாலம் அசையவே இல்லை. அடுத்த வருடம் சர்க்கஸ் முதலாளி பார்னம் 21 யானைகளைப் பாலத்தில் நடத்திக் காட்டினார், ஜம்போ என்ற புகழ்பெற்ற யானை உட்பட. அவருக்கு விளம்பரம், பாலத்துக்கு நற்சான்று.

புரூக்ளின் என்ன ஆனது? 1898 ஜனவரி 1 அன்று நியூயார்க்கோடு இணைந்து அதன் ஒரு பகுதியானது. மூன்றில் இரண்டு பங்கு செலவு செய்து பாலம் கட்டிய நகரம், பாலம் கட்டி 15 வருடத்தில் நகரமாக இல்லை. எமிலி சட்டம் படித்துச் சான்றிதழ் வாங்கினார், 1903இல் இறந்தார். இன்றோ நாளையோ என்று ஊர் எதிர்பார்த்த வாஷிங்டன் 84 வயதில் குடும்ப ஆலையின் பொறுப்பை மறுபடி ஏற்று நடத்தி, 89ஆம் வயதில், 1926இல் காலமானார்.

முன்பு ஓடிய ரயிலும் டிராமும் பாலத்திலிருந்து போய்விட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டேவிட் ஸ்டைன்மன் என்ற இன்ஜினியர் தளத்துச் சட்டங்களைப் பலப்படுத்தி, மோட்டார் வண்டிகளுக்காக ஆறு தடமாக்கினார். 1981இல் துருப்பிடித்த சாய்வுக் கம்பி ஒன்று அறுந்து விழுந்து நடந்துபோன ஒருவர் உயிரிழந்ததற்குப் பிறகு அந்தக் கம்பிகளை மாற்றினார்கள். நான்கு பெரிய வடங்களை மட்டும் மாற்றவில்லை. 1878இல் பின்னி முடித்தவையே இப்போதும் இருக்கின்றன, ஹெய்க்கின் சரக்கோடு. லாரிக்கு அனுமதி இல்லை. கார்களும் சைக்கிள்களும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் போகின்றன.